அது எங்கட பாடு

நம்முடைய பிரதேச சபையில் ஒரு வழக்கம் இருக்கிறது. வேலையை விட்டுப் போகிறவர், புதிதாக வந்தவர்களுக்கென்று நலன்புரிச் சங்க மலரில் தன் அனுபவத்தை எழுத வேண்டும். வழமையாக இதை எழுதுகிறவர்களுக்குத் தலை நரைத்திருக்கும், கழுத்தில் மாலை இருக்கும், படத்தில் பக்கத்தில் மனைவி இருப்பார். எனக்கு இந்த மூன்றும் இல்லை. முப்பது வயதும் இன்னும் ஆகவில்லை. மச்சானுடைய ஐஸ் லொறியை ஓட்டப் போகிறேன், அவ்வளவுதான். ஆனாலும் போகிறவன் போகிறவன்தான், எழுது என்று சங்கச் செயலாளர் தாள்களைத் தந்துவிட்டார். சாதாரண தரப் பரீட்சையில் எனக்குத் தமிழ் மட்டும்தான் பாஸ். அதுவும் விடைத்தாள் திருத்தியவர் நல்ல மனிதராக இருந்ததால். பார்த்துப் படியுங்கள்.

என் பதவியின் பெயர் வேலைத் தொழிலாளி. செய்த வேலை, அளவுநாடாவின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. மற்ற நுனி எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் கையில் இருக்கும். நாடாவில் பூச்சியம் இருக்கிற பக்கம் எப்போதும் என் பக்கம்தான். இதை வைத்துக் கந்தோரில் என்னைப் பகிடி பண்ணாத ஆள் இல்லை. அந்தப் பகிடியைத் தொடக்கிவைத்ததும் நான்தான்.

அந்த உத்தியோகத்தரை நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம். கட்டுக்கரைக் குளத்துப் பக்கம், வயல்காரக் குடும்பம். வெயிலுக்குக் குடை பிடிக்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார், தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டார். இப்போது வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். நான் எழுதப் போவது அவரோடு வேலை செய்த ஒரேயொரு திட்டத்தைப் பற்றி. அதில் யார் கெட்டிக்காரர், யார் மடையர் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

திட்டத்தின் பெயர் கரையோரப் புத்துயிர்ப்பு. சபைத் தவிசாளர் வைத்த பெயர். நம்முடைய ஊரில் தெரு நேரே போய்க் கடலில் முடிகிறது, அங்கே சனம் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது, இதை மாற்ற வேண்டும் என்பது அவருடைய ஆசை. மடு மாதா திருவிழாவுக்கு வருகிறவர்கள் திரும்பிப் போகிற வழியில் நம்முடைய கரைக்கும் வந்து, நடந்து, இருந்து, ஐஸ்கிறீம் குடித்துவிட்டுப் போக வேண்டும். அதற்கு ஒரு நடைபாதை, ஆட்கள் உட்கார்ந்து இருக்க சீமெந்து வாங்குகள், விளக்குகள், ஊர்ப் பிள்ளைகளுக்குச் சின்னக் கடைகள். பிழை சொல்ல ஒன்றுமில்லை. மாகாணத்திலிருந்து பண ஒதுக்கீடும் வந்துவிட்டது. ஆண்டு முடிவதற்குள் அடிக்கல் வைத்து வேலையைத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒதுக்கீடு வந்த வழியே திரும்பிவிடும்.

நாங்கள் கரையை அளக்கப் போனது சோளகக் காற்று அடிக்கிற காலத்தில். தெற்குக் கரையில் அந்த மாதங்களில் ஒருவரும் கடலுக்குள் வலை விடுவதில்லை. காற்று மணலை அள்ளி முகத்தில் எறிந்துகொண்டிருந்தது. எங்கள் இரண்டு பேரையும் விட்டால் கரையில் நின்றது நாலைந்து கழுதைகள். அவையும் கடலுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றன. தோணி இல்லை, கயிறு இல்லை, ஆள் இல்லை. மிஸ் வரைபடத்தில் அந்த நீளத்துக்குப் பச்சை நிறம் தீட்டி, வெறுங்காணி என்று எழுதினார். அன்றைக்கு யார் போயிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

பிறகு பொதுநோக்கு மண்டபத்தில் மக்கள் கூட்டம். வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, இந்தத் துண்டுக்கு யாராவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று மிஸ் கேட்டார். மதலேன் அக்கா எழும்பினார். கரைவலைச் சம்மாட்டியின் மனைவி. சம்மாட்டி என்றால் வலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரர். புருஷன் பாரிசவாதத்தில் விழுந்து கட்டிலோடு கிடப்பதால், இப்போது சம்மாட்டி வேலையையும் அக்காதான் பார்க்கிறார்.

அக்கா வரைபடத்தில் பச்சையைத் தொட்டுக் காட்டிச் சொன்னார், "மிஸ், அது எங்கட பாடு."

மிஸ்ஸுக்கு முகம் கனிந்துபோனது. "விளங்குதம்மா. உங்கட பாடு எங்களுக்கு நல்லா விளங்குது. அதுக்குத்தானே இந்தத் திட்டமே."

மண்டபம் கை தட்டியது. நானும் தட்டினேன்.

இதை வாசிக்கிறவர்களில் கடல் பக்கம் பழக்கமில்லாத பிள்ளைகளும் இருப்பீர்கள். உங்களுக்காகச் சொல்கிறேன். கரைவலைக்காரருக்குப் பாடு என்றால் இடம். ஒரு வலை இறங்குகிற கடல் துண்டும், அதை இழுத்து ஏற்றுகிற மணல் துண்டும் சேர்ந்து ஒரு பாடு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஆள் உண்டு. வயல்காரருக்குப் பாடு என்றால் கஷ்டம், படுகிற பாடு. கோயிலில் என்றால் இயேசு பட்ட பாடுகள். அக்கா இடத்தைச் சொன்னார். மிஸ் கஷ்டத்துக்கு இரங்கினார். நான் இடம் என்றுதான் விளங்கினேன், ஆனால் மிஸ்ஸுக்கும் அப்படித்தான் விளங்கியிருக்கும் என்று நினைத்தேன். மிஸ்ஸுக்குத் தெரியாத ஒரு தமிழ்ச்சொல் எனக்குத் தெரிந்திருக்கும் என்று என் கனவிலும் வரவில்லை. சாதாரண தரத்தில் நான் எடுத்த புள்ளியைப் பார்த்தால் உங்களுக்கும் வராது.

சோளகம் முடிந்து காற்று விழுந்தது. வேலையை ஒப்பந்தம் எடுத்த கொந்தராத்துக்காரர் ஆட்களோடு வந்து, நடைபாதை போகிற இடத்தில் முளைக்கட்டைகள் அறைந்துவிட்டுப் போனார். அடுத்த நாள் மதலேன் அக்காவின் ஆட்கள் அந்தக் கட்டைகளில் வலையை விரித்துக் காயப்போட்டார்கள். கட்டை நல்ல உறுதி, இடைவெளியும் சரியாக இருந்ததாம். கொந்தராத்துக்காரர் வேர்க்க விறுவிறுக்கக் கந்தோருக்கு ஓடிவந்து, சனம் வேலையைக் குழப்புது என்று முறைப்பாடு வைத்தார். தவிசாளர் என்னைக் கூப்பிட்டு, போய் நல்ல மாதிரிச் சொல்லிவிட்டு வா என்றார்.

நான் போனபோது அக்கா வலை வைக்கிற வாடிக்கு முன்னால் மணலில் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பிளேன்ரீ வந்தது. மிஸ்ஸைப் பற்றிப் புகழ் வந்தது. சபை என்று ஒன்று இருந்து இவ்வளவு காலத்தில் கரைவலைக்காரருக்கு ஒரு கட்டை நட்டதில்லை, இந்தப் பிள்ளைதான் நட்டது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தித் தன் நிலைமையைச் சொன்னார். புருஷன் விழுந்ததால் போன பருவம் அவர்களுடைய வலை இறங்கவில்லை. இந்தப் பருவமும் இறங்காவிட்டால் பாடு கைமாறிவிடும், கேட்டுக்கொண்டு இரண்டு பேர் இப்போதே நிற்கிறார்கள். அதனால்தான் இலுப்பைக்கடவைப் பக்கம் வேலைக்குப் போயிருந்த தன் பழைய ஆட்களையெல்லாம் திருப்பிக் கூப்பிட்டிருக்கிறார்.

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். இருந்தாலும் வந்த வேலையைச் செய்ய வேண்டுமே. "அக்கா, அந்தக் கட்டையள் நடைபாதைக்கு நட்டது," என்றேன்.

"ஓம் தம்பி, நடக்கத்தானே வேணும். பின்னால நடக்காமல் கயிறை எப்பிடி இழுக்கிறது?"

"இல்லை அக்கா, ஆக்கள் நடக்கிறதுக்கு."

"அப்ப இழுக்கிறது ஆக்கள் இல்லாமல் கழுதையளே?"

இதற்கு மேல் என்னால் ஏலவில்லை. அக்கா தந்த ஒரு கோர்வை மீனோடு கந்தோருக்கு வந்தேன். என்ன சொன்னார்கள் என்று தவிசாளர் கேட்டார். "ஆட்சேபணை இல்லையாம் சேர். நடக்கத்தான் வேணுமாம்," என்றேன். அவர் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொந்தராத்துக்காரரைப் பார்த்தார். நல்லது என்றார். அந்த அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நடைபாதை என்ற சொல்லுக்கு எங்களிடம் குறைந்தது நாலு கருத்து இருந்திருக்கும். மிஸ் அந்தக் கிழமை மாகாணத்துக் கூட்டங்களுக்குப் போயிருந்தார். வந்ததும் கேட்கலாம் என்று நினைத்திருந்தேன். அவர் வந்தது அடிக்கல் நாட்டுகிற நாள் காலையில்.

அந்தக் காலையை எப்படிச் சொல்வது? தவிசாளர் அடிக்கல்லுக்கு ஆசீர் கொடுக்கப் பங்குச் சுவாமியாரைக் கேட்டிருந்தார். மதலேன் அக்கா பருவத்தின் முதல் வலையை மந்திரிக்க அதே சுவாமியாரைக் கேட்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே நாளை, ஒரே இடத்தைச் சொன்னதால், ஒரே நிகழ்ச்சிக்குத்தான் இரண்டு தரம் அழைப்பு வந்திருக்கிறது என்று நினைத்துச் சுவாமியார் சந்தோசமாகச் சம்மதித்திருந்தார்.

நாங்கள் பந்தலோடும் வாடகைக் கதிரைகளோடும் போய் இறங்கியபோது தோணி ஏற்கெனவே கடலில் நின்றது. நாங்கள் பந்தல் போட்டு முடிக்க, அது வலையை அரைவட்டமாக விட்டு முடித்தது. கரையில் அந்தப் பக்கம் ஒரு கயிறு, இந்தப் பக்கம் ஒரு கயிறு. இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்து இழுத்துக்கொண்டே பின்னால் நடந்து மணலில் ஏறி, அதேவேளை மெல்ல மெல்ல ஒருவரை நோக்கி ஒருவர் நெருங்கி வருவார்கள். கடைசியில் வலையின் மடி, அதாவது மீன் சேருகிற பை, நடுவில் வந்து ஏறும். அந்த நடுவில் எங்கள் பந்தல். பந்தலுக்குள் ஊர்ப் பெரியவர்கள். பந்தலுக்கு முன்னால் அடிக்கல்லுக்குத் தோண்டிய குழி.

பந்தலைக் கண்ட மதலேன் அக்கா முதலில் சிரித்தார். தன்னுடைய வலைக்குத்தான் சபை பந்தல் போட்டிருக்கிறது என்று நினைத்தார். பிறகு குழியைக் கண்டார். கல்லைக் கண்டார். கல்லில் வெட்டியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார். அதன் பிறகு அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் மிஸ்ஸிடம்தான் நேரே போனார். சத்தம் போடவில்லை. "விளங்குது எண்டு சொன்னீங்களே பிள்ளை. வலை கடலுக்க நிக்குது. இதை இழுக்காட்டி எங்களுக்குப் பாடு இல்லை."

பாடு இல்லை. கஷ்டம் இல்லை என்று ஒருத்தி ஏன் கண்கலங்கிக்கொண்டு சொல்ல வேண்டும்? மிஸ் அந்தச் சொல்லைத் திருப்பி ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்ததை நான் கண்டேன். பிறகு கயிற்றைப் பார்த்தார். ஒரு பக்கத்துக் கயிறு, அதை இழுக்கிற ஆட்கள், கடல், மற்றப் பக்கத்துக் கயிறு. தலையைத் திருப்பித் திருப்பி அந்த நீளம் முழுவதையும் பார்த்தார். தான் பச்சை நிறம் தீட்டிய நீளம்.

தவிசாளர் ஓடிவந்தார். மாகாணத்து அதிகாரி வந்துகொண்டிருக்கிறார், சனத்தைக் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள், கல்லை வைத்துவிட்டு இழுக்கட்டும் என்றார். கடலுக்குள் போன வலையை நிற்கச் சொல்ல முடியாது. நீரோட்டம் பிடித்தால் அது தன் பாட்டுக்குப் போய்விடும். பாருங்கள், எழுதும்போது எனக்கே இந்தச் சொல் வந்து குழப்புகிறது.

மிஸ் சொன்னார், "சேர், நான் பிழையா எழுதிப்போட்டன். இது வெறுங்காணி இல்லை. இது வயல். இண்டைக்கு அறுவடை."

"கடலுக்கு எங்க மிஸ் வரம்பு?"

"கயிறு போற இடமெல்லாம் வரம்புதான் சேர். கல்லை அங்கால கோயில் மதில் பக்கம் கொண்டுபோவம். கேள்வி வந்தால் என்ர பேரைச் சொல்லுங்கோ."

தவிசாளர் அதிகாரியின் வாகனம் வருகிற பாதையைப் பார்த்தார். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒலிபெருக்கி என்னிடம் இருந்தது. அறிவிப்புக்கென்று என்னைத்தான் நிறுத்தியிருந்தார்கள், குரல் வளத்துக்காக இல்லை, வேறு ஒருவரும் முன்வராததால். கயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. மிஸ் என்னைப் பார்த்தார்.

நான் ஒலிபெருக்கியை வாயில் வைத்தேன். "வந்திருக்கிற பெரியோர் எல்லாரும் தயவுசெய்து அவரவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு கோயில் பக்கமாக நடக்கவும். இது நிகழ்ச்சி நிரலில் உள்ளது."

ஒலிபெருக்கியில் சொன்னால் நம்முடைய சனம் செய்யும். அதிபர், வைத்தியர், மீன் சங்கத் தலைவர், எல்லாரும் கதிரையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். அந்த நேரம் பார்த்து மாகாணத்து அதிகாரியின் வாகனம் வந்து நின்றது. அவர் இறங்கி இந்த ஊர்வலத்தைப் பார்த்தார். யாரோ அவர் கையிலும் ஒரு கதிரையைக் கொடுத்தார்கள். இது இங்கே ஏதோ மரபு என்று நினைத்திருக்க வேண்டும். மரியாதையாகத் தூக்கிக்கொண்டு அவரும் நடந்தார். பந்தல்காரப் பெடியள் கம்புகளைப் பிடுங்கினார்கள். கொந்தராத்துக்காரரின் ஆட்கள் தோண்டிய குழியைத் தாங்களே மூடினார்கள். கொந்தராத்துக்காரர் மட்டும் நடுவில் நின்று, நான் எங்க நிக்கிறது, நான் எங்க நிக்கிறது என்று எல்லாரையும் கேட்டார். ஒருவரும் பதில் சொல்லாததால் கயிற்றைப் பிடித்தார்.

சுவாமியார் தீர்த்தச் செம்போடு என்னிடம் வந்தார். "தம்பி, எதை முதல் மந்திரிக்கிறது? கல்லையா, வலையையா?"

"ஈரமாய் இருக்கிறதை முதல் செய்யுங்கோ சுவாமி. மற்றது ஓடாது."

மடி வந்து ஏறியது. அள்ளிக் கொட்டியது என்று எழுத எனக்கும் ஆசைதான். காரல் மீனும் சூடை மீனும் கொஞ்சம், பாசி நிறைய. ஆனால் வலை இறங்கி ஏறியதை ஊரே பார்த்தது, பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்ற அந்த இரண்டு பேரும் பார்த்தார்கள். மதலேன் அக்கா அப்படியே மணலில் குந்தி இருந்துவிட்டார். பிறகு நாங்கள் எல்லாரும் கோயில் மதில் பக்கம் போய், கதிரையைப் போட்டு இருந்து, கல்லை வைத்தோம்.

புதியவர்களே, இதிலிருந்து நீங்கள் என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மலர்க் குழு என்னிடம் கேட்கிறது. ஒன்று சொல்லத் தெரியும். கந்தோரில் ஆபத்தான சொல் 'விளங்கேல்ல' இல்லை, 'விளங்குது'. ஒருவர் விளங்குது என்று சொன்னால், என்ன விளங்கினது என்று கேளுங்கள். ஆள் பெரியவராக இருந்தால் சிரித்துக்கொண்டு கேளுங்கள். நீங்களே சொன்னால் உங்களையே கேளுங்கள். அந்தக் காலையில் மிஸ் செய்ததை நான் பார்த்தேன். பிழை என்று தெரிந்த பிறகு அதை விளங்கப்படுத்திக்கொண்டு நிற்கவில்லை. கல் ஓடாது, வலை ஓடும் என்பதை மட்டும் பார்த்தார்.

ஆனால் செய்தது முழுக்கச் சரியா என்றால் எனக்குக் குழப்பம்தான். நடைபாதை இப்போது கோயில் பக்கத்தில் ஒரு துண்டு, பஸ் நிலையப் பக்கத்தில் ஒரு துண்டு. நடுவில் வெறும் மணல். மடுவிலிருந்து வருகிற சனம், காசு முடிந்துவிட்டதா என்று கேட்கிறது. நடுவில் கடை கிடைக்கும் என்று இருந்த ஒரு குடும்பத்துக்கு மூலையில்தான் கிடைத்தது. அவர்கள் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. அவர்களுடைய கோபத்தில் பிழை இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. மிஸ்ஸிடம் மேலிடம் விளக்கம் கேட்டது. அவர் தான் சொன்னபடியே தன் பெயரைச் சொன்னார். தவிசாளரும் தன் பெயரைச் சேர்த்துச் சொன்னார் என்று பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அந்த மனிதரையும் நான் சரியாக விளங்கியிருக்கவில்லை.

இதெல்லாம் அடங்கியபிறகு ஒருநாள் மதலேன் அக்கா கந்தோருக்கு வந்தார். மிஸ், தவிசாளர், நான் மூன்று பேரும் இருந்தோம். பாட்டைப் பற்றி ஏதோ புதுச் சிக்கல் என்று நினைத்தோம்.

"அங்கால வாங்கு போட்டிருக்கிறியள், இங்கால வாங்கு போட்டிருக்கிறியள். நடுவில மட்டும் ஏன் ஒண்டும் இல்லை? இழுத்துக் களைச்சால் நாங்கள் எங்க இருக்கிறது?"

உங்களுக்காகத்தானே அக்கா அந்த இடத்தை ஒன்றும் போடாமல் விட்டது என்று தவிசாளர் கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார்.

"போடாமல் விடுங்கோ. போட்டும் தாங்கோ. தூக்கக்கூடியதா ஒண்டு."

சபை அதுவரை கட்டியதெல்லாம் தூக்க முடியாதவை. தூக்கக்கூடிய வாங்குக்கு மதிப்பீடு எப்படிப் போடுவது, எந்தத் தலைப்பின் கீழ் போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. மிஸ் பேனையை எடுத்தார், வைத்தார். கடைசியில் தவிசாளர் எழும்பிப் போய்க் கதவைத் திறந்து, வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அதைக் கொண்டுபோய்க் குடுங்கடா என்றார்.

நீங்கள் நேர்முகத்துக்கு வந்த அன்று தவிசாளரின் அறை வாசலில் நெடுநேரம் கால்மாறிக் கால்மாறி நின்றீர்களே, இருக்க ஒரு வாங்கு கூட இல்லாத என்ன சபை இது என்று ஒருவர் முணுமுணுத்ததும் எனக்குக் கேட்டது. வாங்கு இருக்கிறது. பருவ காலத்தில் கரைக்குப் போனால் காணலாம். அதில் போய் இருங்கள், ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கயிறு கிட்ட வந்தால் மட்டும் எழும்பி, ஒரு பக்கத்தை நீங்களும் தூக்குங்கள்.